சிகார்களை ஒப்பிட்டுப் பார்க்கப் பழகுவது: புதியவருக்கு ஒரு விரிவான பதில்

கேள்வி இதுதான். சிகார் பழகத் தொடங்கிய ஒருவர் பல நாட்டு பிரீமியம் சிகார்கள் கலந்த சாம்ப்ளர் பெட்டி ஒன்று வாங்கியிருக்கிறார். முதல் சில இழுப்புகளில் வித்தியாசம் தெரிகிறதாம். பாதியைத் தாண்டினால் எல்லாம் ஒரே கசப்பாம். கருத்த சிகார்தான் காட்டமானதா, விலை கூடினால் தரமும் கூடுமா, எதை வைத்து ஒன்றோடொன்று ஒப்பிடுவது என்று கேட்கிறார்.

பாதிக்கு மேல் எல்லாமே ஒரே மாதிரி கசக்கிறது என்றால் அந்தக் கசப்பு பெரும்பாலும் இலையுடையது அல்ல. ஒன்று, வேகமாக இழுத்து ஏறிய சூடு. இல்லையென்றால் சிகாரில் தேவைக்கு மேல் இருக்கும் ஈரம். இந்த இரண்டும் எந்த இலையின் சுவையையும் மூடிவிடும். சாம்ப்ளர் பெட்டியில் இன்னொரு சிக்கலும் உண்டு: அளவு வேறு, மேலிலை (வெளியே சுற்றிய இலை) வேறு, நாடு வேறு, பக்குவம் வேறு. நான்கும் சேர்ந்து மாறும்போது எந்தச் சுவை எதனால் வந்தது என்று அனுபவசாலியாலும் பிரித்துச் சொல்ல முடியாது. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள், மற்றதை அப்படியே வைத்திருங்கள். கீழே சொல்வதெல்லாம் அதற்கான வழிதான்.

அதற்கு முன் ஒன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். சிகார் புகையை நெஞ்சுக்குள் இழுப்பதில்லை, வாயில் வைத்து வெளியே விடுகிறோம். அதனால் கெடுதல் இல்லை என்று நினைப்பது தவறு. சிகார் புகை காரத்தன்மை (அமிலத்துக்கு எதிரான தன்மை) உள்ளது, அதனால் நிக்கோட்டின் வாயின் உட்தோல் வழியாகவே இரத்தத்தில் சேர்ந்துவிடும். பெரிய சிகார் ஒன்றில் ஒரு பாக்கெட் சிகரெட்டில் இருக்கும் அளவு புகையிலை இருக்கலாம். வாய், குரல்வளை, உணவுக்குழாய், நுரையீரல் புற்றுநோய்களுக்கு சிகார் காரணமாகிறது. புகையிலைப் பழக்கம் இல்லாதவர் தொடங்காமல் இருப்பதே நல்லது. சிகரெட் பிடித்துப் பழகியவருக்கு ஆபத்து இன்னும் கூடுதல், ஏனென்றால் தன்னையறியாமல் உள்ளே இழுத்துவிடுவார். பழகத்தான் போகிறீர்கள் என்றால் எப்போதாவது ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்கள்; சுவை அறிய அதுவே போதும். வெறும் வயிற்றில் வேண்டவே வேண்டாம். குளிர்ந்த வியர்வை, குமட்டல், தலைச்சுற்றல் வந்தால் நிக்கோட்டின் ஏறிவிட்டது என்று அர்த்தம். உடனே சிகாரை வைத்துவிட்டு உட்கார்ந்து தண்ணீர் குடியுங்கள், ஏதாவது இனிப்பு சாப்பிடுங்கள். ‘முடித்துவிடலாம்’ என்று தொடர்வதில் எந்தப் பெருமையும் இல்லை.

இனி சிகாருக்குள் என்ன இருக்கிறது என்று பார்ப்போம். பிரீமியம் என்றால் கையால் சுற்றியது, துண்டு துணுக்கு இல்லாமல் நீள இலையை அப்படியே உள்ளே வைத்தது, காகிதம் சேராதது. மூன்று அடுக்கு: நடுவில் ஃபில்லர் என்கிற உள்ளிலை, அதைப் பிடித்துக் கட்டும் பைண்டர், வெளியே ரேப்பர் என்கிற மேலிலை. உள்ளிலை ஒரே வகை அல்ல. செடியின் அடியில் விளைவது வொலாடோ. நன்றாகப் பற்றி எரியும், காட்டம் குறைவு. நடுவில் செகோ, மணம் தருவது. உச்சியில் லிகெரோ, வெயிலை நிறைய வாங்கித் தடித்து எண்ணெய்ப் பசையோடு இருக்கும், மெதுவாக எரியும், காட்டம் அதிகம். மெதுவாக எரிவதால்தான் சுற்றுபவர் அதை நட்டநடுவில் வைக்கிறார். ஓரமாக வைத்துவிட்டால் அந்தப் பக்கம் எரியாமல் பின்தங்கி நிற்கும்.

ஆக, காட்டத்தைத் தீர்மானிப்பது பெரும்பாலும் உள்ளே இருக்கும் லிகெரோவின் அளவு. வெளியே கண்ணுக்குத் தெரியும் நிறம் அல்ல. மதூரோ எனப்படும் கருத்த மேலிலை கூடுதல் நாள், கூடுதல் சூட்டில் புளிக்க வைத்த தடித்த இலை. அப்படிப் புளிக்கும்போது கடுமை தணிந்து, காப்பி, சாக்லேட் சாயலில் ஓர் இனிப்பு வரும். அதனால் கருத்த சிகார் மென்மையாகவும், கனெக்டிகட் எனப்படும் வெளிறிய மேலிலை சுற்றியது தலையைக் கிறுகிறுக்க வைப்பதாகவும் இருக்கலாம். புளிக்க வைப்பதைப் பற்றி இன்னொரு விஷயம் தெரிந்திருப்பது நல்லது: இலையைப் பிலோன் என்ற குவியலாக அடுக்கி, உள்ளே சூடு ஏற ஏறப் பிரித்துப் புரட்டி மறுபடி அடுக்குவார்கள். அப்போது வெளியேறுவது முக்கியமாக அம்மோனியா. பற்றவைக்காத சிகாரின் முனையை முகர்ந்தால் மூக்கைக் குத்தும் அந்த நெடி வருகிறதா? அது இன்னும் பதமாகவில்லை. சில மாதம் வைத்திருங்கள், மாறிவிடும்.

அளவு விஷயத்தில் பெயரை நம்பாமல் எண்ணைப் பாருங்கள். நீளம் அங்குலத்தில் இருக்கும். தடிமன் ரிங் கேஜ் என்ற கணக்கில், அதாவது அங்குலத்தில் 64-ல் எத்தனை பங்கு என்று. ரொபுஸ்டோ 5 அங்குல நீளம், 50 ரிங், அதாவது விட்டம் கிட்டத்தட்ட 19.8 மில்லிமீட்டர். கொரோனா 5½ அங்குலம், 42 ரிங். லான்செரோ 7½ அங்குலம், 38 ரிங். தடிமன் கூடக்கூட மேலிலையின் பங்கு குறையும்: 54 ரிங் சிகாரை விட 38 ரிங் சிகாரில், உள்ளிலைக்கு இவ்வளவு மேலிலை என்ற விகிதம் ஏறக்குறைய 40 சதவீதம் அதிகம். மேலிலையின் குணத்தை அறிய விரும்புகிறவர் மெல்லிய சிகாரைத் தேடுவது இதனால்தான். ஆனால் மெல்லியது சீக்கிரம் சூடாகும். நிதானமில்லாத கையில் கரிந்துபோகும். தொடங்குபவர் ரொபுஸ்டோவைப் பிடித்துக்கொள்ளட்டும். பெரும்பாலான நிறுவனங்கள் அதைச் சுற்றுகின்றன, முக்கால் மணி முதல் ஒரு மணி நேரத்தில் முடியும், ஒப்பிடுவதற்கும் எல்லாம் ஒரே அளவில் கிடைக்கும். 60 ரிங் சிகார்கள் பழகுவதற்கு உகந்தவை அல்ல; புகை நிறைய வரும், வேறுபாடு மங்கிப்போகும்.

இப்போது ஒப்பிடும் முறை. சாம்ப்ளருக்குப் பதிலாக ஜோடி ஜோடியாக வாங்குங்கள்.

முதல் ஜோடி மேலிலைக்கு. உள்ளே கிட்டத்தட்ட ஒரே கலவை, மேலிலை மட்டும் வேறு என்று வரும் சிகார்கள் உண்டு. பாட்ரோன் 1964 ஆனிவர்சரி வரிசை முழுக்க நிகராகுவா இலை. நேச்சுரல் (மதூரோ அளவுக்குக் கருக்காத பழுப்பு மேலிலை), மதூரோ இரண்டிலும் வருகிறது. பெர்டோமோ தன் பல வரிசைகளை கனெக்டிகட், சன் க்ரோன் (நேர் வெயிலில் வளர்ந்த இலை), மதூரோ என்று மூன்று மேலிலையில் தருகிறது. ஒரே அளவில் இரண்டை எடுத்து அடுத்தடுத்த வாரம் புகைத்தால் மேலிலை என்ன செய்கிறது என்பது சந்தேகமில்லாமல் விளங்கும். இந்த ஒரு ஜோடி கற்றுத்தருவதைப் பத்து சிகார் சாம்ப்ளர் கற்றுத்தராது.

இரண்டாவது ஜோடி காட்டத்துக்கு. கியூபா சிகார் கைக்கு எட்டும் இடத்தில் இருந்தால் ஓயோ தெ மொன்தெர்ரே எபிகியூர் நம்பர் 2, பார்த்தகாஸ் செரி டி நம்பர் 4 இரண்டையும் எடுங்கள். இரண்டும் அச்சுப் பிசகாமல் ஒரே அளவு, 50 ரிங், 124 மில்லிமீட்டர்; நாடும் ஒன்றே. முதலாவது மென்மை, இரண்டாவது கனமும் காட்டமும். கியூபா கிடைக்காத இடத்தில் மென்மைக்கு மகனூடோ கஃபே, காட்டத்துக்கு ஒலிவா செரி வி. இதில் நாடு, மேலிலை எல்லாம் மாறிவிடுகிறது என்ற குறை உண்டு. இருந்தாலும் இரண்டு கரையையும் காட்டிவிடும்.

மூன்றாவது ஜோடி அளவுக்கு: ஒரே வரிசையில் ஒரு ரொபுஸ்டோ, ஒரு லான்செரோ அல்லது கொரோனா. நான்காவதுதான் பலர் செய்யாதது, அதுதான் கண்ணைத் திறக்கும்: ஒரே சிகாரில் இரண்டு வாங்கி, ஒன்றை 62 சதவீத ஈரப்பதத்திலும் மற்றொன்றை 72 சதவீதத்திலும் ஒரு மாதம் வைத்துப் புகையுங்கள். இரண்டும் ஒரே சிகார் என்று நம்புவது கடினமாக இருக்கும்.

இரண்டையும் ஒரே வேளையில் பற்றவைத்து மாற்றி மாற்றி இழுப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன். நிக்கோட்டின் இரட்டிப்பாகும், நாக்கு மரத்துப்போகும், அடுத்ததை இழுக்கும் அவசரத்தில் இரண்டும் சூடேறும். வேறு நாளில், அதே வேளையில், அதே மாதிரி சாப்பிட்ட பிறகு, வெறும் தண்ணீரோடு. இனிப்பு பானமும் மதுவும் ஒப்பிடும் நாளில் வேண்டாம். பெயரும் விலையும் மனதைச் சாய்க்காமல் இருக்க, லேபிள் மேல் காகிதத்தைச் சுற்றி ஒட்டி 1, 2 என்று எழுதித் தர வேறொருவரிடம் சொல்லுங்கள். லேபிளை உரிக்கச் சொல்லாதீர்கள். சூடு ஏறாத சிகாரில் உரித்தால் மேலிலையும் கூடவே கிழிந்து வரும்.

ஈரப்பதத்தைச் சரியாக வைக்க மரப்பெட்டி தேவையில்லை. காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பா, 65 அல்லது 69 என்று எண் போட்ட இருவழி ஈரப்பத பாக்கெட் (ஈரத்தைத் தரவும் உறிஞ்சவும் செய்வது) ஒன்று, ஈரப்பதம் காட்டும் ஒரு சிறிய டிஜிட்டல் ஹைக்ரோமீட்டர். தொடங்க இவ்வளவே போதும். 60 கிராம் பாக்கெட் ஒன்று 25 சிகார் பிடிக்கும் இடத்துக்குக் கணக்கு. மீட்டரை வாங்கியதும் சோதியுங்கள்: பாட்டில் மூடி ஒன்றில் உப்பைப் போட்டு, ஈர மணல் பதத்துக்குத் தண்ணீர் விட்டு, மீட்டரோடு ஜிப் பையில் அடைத்து ஒரு நாள் வையுங்கள். உப்பு மீட்டரைத் தொடக்கூடாது, தண்ணீர் மேலே தேங்கக்கூடாது. 75 காட்ட வேண்டும். 71 காட்டினால் அந்த மீட்டர் எப்போதும் 4 குறைத்துச் சொல்கிறது என்று எழுதி ஒட்டிவிடுங்கள், தூக்கிப்போட வேண்டியதில்லை. மரப்பெட்டிதான் வேண்டும் என்றால் முதலில் 84 சதவீத பாக்கெட் போட்டு இரண்டு வாரம் மரத்தைப் பழக்க வேண்டும். இல்லையென்றால் காய்ந்த மரம் சிகாரின் ஈரத்தை உறிஞ்சிவிடும். மரத்தை ஈரத்துணியால் துடைக்கும் பழைய வழி பலகையை வளைத்துவிடும்.

வெப்பநிலை 18 முதல் 21 டிகிரி வரை இருந்தால் நல்லது. 24-ஐத் தாண்டினால் புகையிலை வண்டின் முட்டை பொரிக்கத் தொடங்கும். ஊசி குத்தினாற்போல் மேலிலையில் சின்னஞ்சிறு வட்ட ஓட்டையும் அடியில் தூளும் தெரிந்தால் அது வண்டுதான். எல்லா சிகாரையும் ஜிப் பையில் அடைத்து, குளிர்பெட்டியில் ஒரு நாள், மைனஸ் 20 டிகிரி உறைபெட்டியில் மூன்று நாள், மறுபடி குளிர்பெட்டியில் ஒரு நாள் வைத்து வெளியே எடுங்கள். நேரடியாக உறையவைத்து நேரடியாக எடுத்தால் மேலிலை வெடிக்கும். மேலே வெள்ளையாகப் பூத்திருப்பதை ‘முதிர்ச்சியின் அடையாளம்’ என்று விற்பவர்கள் உண்டு. அது பெரும்பாலும் பூஞ்சைதான். மேலோட்டமாக இருந்தால் துடைத்துப் பிரித்து வைக்கலாம். எரிக்கும் முனைக்குள் இறங்கியிருந்தால் எறிந்துவிடுங்கள்.

தபாலில் வந்த சிகாரை அன்றே தொடாதீர்கள். இரண்டு மூன்று வாரம் டப்பாவில் ஓய்வெடுக்கட்டும்.

புகைக்கும் நாளில் முதலில் விரல்களுக்கு இடையில் லேசாக அழுத்திப் பாருங்கள். கொஞ்சம் அமுங்கித் திரும்ப எழ வேண்டும். சரசரவென்றால் காய்ந்தது, அமுங்கியபடியே நின்றால் ஈரம். ஓரிடத்தில் மட்டும் கட்டையாக இருந்தால் அங்கே இழுப்பு அடைபடும். வாயில் வைக்கும் முனையில் தொப்பி போல் ஒட்டிய இலை இருக்கும். அதன் கோடு உற்றுப்பார்த்தால் தெரியும். அந்தக் கோட்டுக்கு மேலேயே, சுமார் 2 மில்லிமீட்டர் மட்டும், கூரான இரட்டைக் கத்தியால் ஒரே வெட்டு. கோட்டுக்குக் கீழே வெட்டினால் மேலிலை பிரிந்து அவிழும். கூர் முனை சிகாரில் கொஞ்சமாக வெட்டி இழுத்துப் பார்த்து, தேவைப்பட்டால் இன்னும் கொஞ்சம். ஒப்பிடும் நாட்களில் ஒரே வகை வெட்டு. வெட்டாமல் பஞ்ச் கருவியால் சிறு துளை போட்டால் புகை குறுகிய வழியில் வந்து காரம் தூக்கலாகத் தெரியும். வெட்டியபின் பற்றவைக்காமல் ஓர் இழுப்பு. பெரிய ஸ்ட்ரா வழியாகத் தண்ணீர் உறிஞ்சும் அளவு லேசான தடை இருந்தால் சரி.

பற்றவைக்க மணமில்லாத பியூட்டேன் லைட்டர். பெட்ரோல் லைட்டரும் மெழுகுவர்த்தியும் முதல் கால்பங்கு சுவையைக் கெடுத்துவிடும். தீ நாக்கின் நுனி சிகாரைத் தொடாமல், சாய்த்துப் பிடித்துச் சுற்றிக்கொண்டே முனை முழுதும் கருகி ஓரம் சிவக்கும் வரை காட்டுங்கள். பிறகுதான் வாயில் வைத்து, சுற்றியபடி இரண்டு மூன்று மெல்லிய இழுப்பு. கடைசியாக முனையை ஊதிப் பாருங்கள். கங்கு வட்டம் முழுக்கச் சிவந்திருக்க வேண்டும். ஒரு துண்டு கருப்பாக நின்றால் இப்போதே அங்கே தீ காட்டுங்கள். விட்டால் பத்து நிமிடத்தில் ஒரு பக்கம் படகு போல் சரிந்து எரியும்.

வேகம் நிமிடத்துக்கு ஓர் இழுப்பு, இரண்டு மூன்று விநாடி. கடிகாரத்தைப் பார்த்துப் பழகுங்கள். கங்கு நீண்டு கூராகி நின்றாலோ, லேபிள் பக்கம் விரலுக்குச் சூடு தெரிந்தாலோ வேகம் மிஞ்சிவிட்டது. இரண்டு நிமிடம் சும்மா வையுங்கள், பிறகு ஒருமுறை சிகார் வழியாகவே மெல்ல வெளியே ஊதித் தேங்கிய புகையைத் தள்ளுங்கள். கசப்பு தணிந்தால் குற்றம் இலையில் இல்லை. தணியவில்லை என்றால் ஈரத்தைச் சந்தேகியுங்கள்: அதே வகை அடுத்த சிகாரை ஈரப்பத பாக்கெட் இல்லாத மரப்பெட்டியில் ஓரிரு நாள் வைத்துப் பாருங்கள். நடுவில் மட்டும் எரிந்து மேலிலை எரியாமல் குகை போல் ஆனால், மேலிலை ஈரமாக இருந்தது அல்லது இழுப்பு மிக மெதுவாக இருந்தது. ஓரத்துக்குத் தீ காட்டினால் சரியாகும். இழுப்பு அடைத்தால் கட்டையான இடத்தை விரலால் மெதுவாக உருட்டிப் பிசைந்து, இன்னும் 1 மில்லிமீட்டர் வெட்டுங்கள். அணைந்தால் சாம்பலைத் தட்டி, ஊதி, உடனே பற்றவைக்கலாம். ஒரு மணி நேரத்துக்கு மேல் போனால் தார் ஊறிப்போகும், அதை ஒப்பிடக் கணக்கில் எடுக்காதீர்கள்.

குறிப்பு எழுதும்போது மூன்றைப் பிரியுங்கள். காட்டம் என்பது நிக்கோட்டின், உடம்பில் தெரிவது. கனம் என்பது வாயில் புகையின் அடர்த்தி. சுவை தனி. இந்த மூன்றையும் குழப்புவதால்தான் ‘ஸ்ட்ராங்’ என்ற ஒரே சொல்லில் பலருடைய குறிப்பு முடிந்துவிடுகிறது. சிகாரை மூன்று பங்காக்கி, பங்குக்கு இரண்டு வரி போதும்: எரிச்சல் நாக்கிலா தொண்டையிலா மூக்கிலா, இனிப்பு எங்கே, வாயில் எவ்வளவு நேரம் நிற்கிறது, இழுப்பு எப்படி, எத்தனை முறை தீ காட்டினீர்கள். மற்றவர் எழுதிய தோல், தேவதாரு, கோகோ பட்டியலை முன்கூட்டிப் படிக்காதீர்கள். படித்தால் அதுவே தெரியும். வாயில் இருக்கும் புகையில் கொஞ்சத்தை மட்டும் மூக்கு வழியாக விட்டால் மிளகுக் காரமும் நுண்ணிய மணமும் பிரிந்து தெரியும். அப்போதும் புகை நெஞ்சுக்குள் போகக்கூடாது.

பெயரைப் பற்றி ஓர் எச்சரிக்கை. மொன்டெகிறிஸ்டோ, ரோமியோ இ ஹூலியெட்டா, பார்த்தகாஸ், கோஹிபா போன்ற பெயர்களில் கியூபாவில் ஒரு சிகாரும், டொமினிக்கன் குடியரசு அல்லது ஹோண்டுராஸில் வேறொரு சிகாரும் வருகின்றன. 1960-ல் கியூபா தொழிற்சாலைகளை அரசுடைமையாக்கியது. 1962-ல் அமெரிக்கா வணிகத் தடை போட்டது. பழைய பெயர்கள் இரண்டு வழியாகப் பிரிந்தன; 1966-ல் வந்த கோஹிபாவும் பிறகு அப்படியே ஆனது. இலையும் கலவையும் வேறு, ஆகவே ஒன்றின் விமர்சனத்தைப் படித்து மற்றதை வாங்காதீர்கள். கியூபா என்று விற்பதில் போலி ஏராளம். கண்ணாடி மூடி போட்ட கோஹிபா பெட்டி போலிதான், அதில் பேச்சுக்கே இடமில்லை. உண்மைப் பெட்டியின் அடியில் கியூபா சிகார்களை விற்கும் ஹபானோஸ் நிறுவன முத்திரை, ‘தொதால்மெந்தெ அ மானோ’ (முழுக்கக் கையால்) என்ற வாசகம், தொழிற்சாலைக் குறியீடு, பெட்டியிட்ட மாதமும் ஆண்டும் இருக்கும்.

விலை? ஓரளவுக்குத் தரத்தோடு ஏறும். பிறகு வரி, பெட்டி அலங்காரம், பெயர், கிடைப்பதில் உள்ள அருமை என்று ஏறும். மேலிலையில் பருத்த நரம்பில்லாமல், ஒரே நிறத்தில், ஒரே சீராகச் சுற்றியிருப்பதற்குக் காசு கொடுக்கலாம். லேபிளின் எண்ணிக்கைக்குக் கொடுக்க வேண்டியதில்லை.

பிடித்த சிகார் ஒன்று தென்பட்டதும் பெட்டியாக வாங்கிவிடாதீர்கள். கையால் சுற்றியது ஒன்று போல் ஒன்று இருக்காது. வேறு வேறு நாளில் மூன்று புகையுங்கள். மூன்றில் குறைந்தது இரண்டு சிகாரில் இழுப்பும் எரிவும் சரியாக அமைந்து, குறிப்புகள் ஒத்துப்போனால் ஐந்து வாங்குங்கள். அந்த ஐந்தும் முடிந்த பிறகும் அதையே தேடினால் பெட்டி. பெட்டி வந்ததும் தேதியைக் குறித்துக்கொண்டு, ஒரு மாதம் கழித்து முதலாவதைப் பழைய குறிப்போடு வைத்துப் பாருங்கள். மூக்கைக் குத்தும் நெடி இருந்தால் மூடி வைத்து, மூன்று மாதத்துக்குப் பிறகு அடுத்ததை எடுங்கள்.